பெட்டிக்குள் வேகும் சாப்பாடு

அத்தான் அடுப்பை அணைப்பதைப் பார்க்கவேண்டும். திருகைத் திருப்புவார், தீ போய்விடும். எல்லாரும் அதோடு விட்டுவிடுவார்கள். அவர் குனிந்து, பர்னருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய், உள்ளே ஏதாவது சீறுகிறதா என்று கேட்பார். பிறகு சிலிண்டர் வால்வை மூடுவார். மூடிய திருகை மறுபடி பிடித்து, பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பதுபோல் லேசாக அசைத்துப் பார்ப்பார். கடைசியில், எதிரே யாரோ காத்திருப்பதுபோல், “ஆஃப்” என்று வாய்விட்டுச் சொல்வார். வாசலில் செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து சமையலறையை எட்டிப் பார்ப்பதும் உண்டு.

“அணைஞ்சுடுச்சுங்க,” என்பாள் அக்கா. “அதுக்கு இரங்கல் கூட்டமெல்லாம் வேணாம்.”

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். மேலே மோட்டார் அறையில் ஒருவர் இருப்பார், அடியில் குழிக்குள் ஒருவர் இருப்பார், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அதனால் எதை அணைத்தாலும், எதைத் தொட்டாலும் குரல் கொடுத்துவிட வேண்டும். வாயால் சொல்லாத ‘ஆஃப்’ அவர்கள் கணக்கில் ஆஃப் ஆகாது. கூட வேலை செய்கிறவர்கள் அதை வேலையிடத்தோடு விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர்கள் இவருக்கு வைத்த பெயர் ‘டபுள் செக்’.

நான் அக்காவின் தம்பி. கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் வேலை கிடைத்ததிலிருந்து அவர்களோடுதான் இருக்கிறேன். அதிகம் பேசுகிறவன் இல்லை என்பதால் அத்தானுக்கு என்னைப் பிடிக்கும். பேசிக்கொண்டே நடக்கிறவர்கள் படியைப் பார்ப்பதில்லை என்பார்.

அவர் பயங்களுக்கு அளவே இல்லை. ஈரத் தரை, சத்தமில்லாமல் வரும் வண்டி, பொழுது சாய்ந்த பிறகு அடிக்கும் போன். யாராவது தும்மினால்கூடப் பக்கத்தில் கூரான பொருள் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு பார்வை போய்வரும். முதல் தடவை அக்கா உண்டாகி, அது நிலைக்காமல் போனதிலிருந்து இந்தப் பயங்களெல்லாம் அவளைச் சுற்றியே நிற்கத் தொடங்கின. இரண்டாவது தடவை நாலாம் மாதம் வரை வந்தபோது, அவள் ஒரு டம்ளர் தண்ணீரை வேகமாகக் குடித்தால்கூட இவருக்கு மூச்சு நின்று வந்தது.

அதுவரை நாங்கள் மூவரும் கடைச் சாப்பாட்டுக்காரர்கள். அக்கா ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு வேலை பார்ப்பவள். அத்தானை எப்போது எந்தக் கட்டடத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்று சொல்லமுடியாது. எனக்குச் சமைக்கத் தெரியாது. கீழ்த்தளத்துக் கடைக்காரர் ரப்பர் பேண்ட் போட்ட டப்பாக்களைப் பையில் கட்டிக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். காலி டப்பாக்கள் ஜன்னலோரம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, பாதி வெளிச்சத்தை மறைத்திருந்தன.

கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். ஒரு சாயங்காலம் அத்தான் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

“நாம சம்பாதிக்கிறதை நாமளே தின்னு தீர்த்துடறோம்.”

“பின்ன, வேற யாரு தின்னணும்னு ஆசைப்படறீங்க?” என்றாள் அக்கா.

“வீட்டுல ஆக்கினா பாதிதான் ஆகும். மிச்சம் ஆஸ்பத்திரிக்கு ஆச்சு.”

“ஆக்குறது யாரு? நான் வந்து உட்கார்ந்தா எழுந்திரிக்கவே ஒரு கிரேன் வேணும்.”

“நீ அடுப்புப் பக்கமே போகக்கூடாது. நான் ஆக்குறேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் டப்பாவைப் பார்த்துக்கொண்டேன். கடைச் சாப்பாட்டின் கடைசி நாட்கள் என்று மட்டும் புரிந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா இதைக் கேள்விப்பட்டு, தன்னிடம் உபரியாக இருந்த பிரஷர் குக்கரைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தான் அதை வாங்கி மேசைமேல் வைத்து, மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைக்குள் ஒரு கண்ணால் பார்த்தார். மேலே வைக்கும் குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

“லிஃப்டுல கயிறு அத்தனையும் அறுந்தாலும் பிடிச்சு நிறுத்த அடியில ஒண்ணு இருக்கும்மா. அது போனா இன்னொண்ணு. இதுக்கு என்ன இருக்கு? இந்தக் குண்டும், மூடியில இந்த ஈயப் பொட்டும்தான். அதுலயும் குண்டு ஆடுது.”

“ஆடத்தான்பா அதை வெச்சிருக்காங்க,” என்றார் தையல்காரம்மா. “முப்பது வருஷமா நானும் ஆக்குறேன். இன்னும் முழுசாத்தானே நிக்கிறேன்?”

“இதுவரைக்கும் நிக்கிறீங்க,” என்றார் அத்தான், மிகுந்த மரியாதையோடு. குக்கர் அன்றே திரும்பிப் போனது.

அவர் செய்தது ஒரு பெட்டி. புது லிஃப்ட் மோட்டார்கள் தடித்த வெள்ளை நுரைப் பலகைகளுக்கு நடுவே பத்திரமாக வந்து இறங்கும். தூக்கிப்போடுகிற அந்தப் பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மரப்பெட்டிக்குள் நாலு பக்கமும் அடியிலும் பொருத்தி, நடுவில் பாத்திரம் இறங்குகிற அளவுக்கு வெட்டி, மேலே பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பழைய ரஜாயை மடித்து வைத்தார். அரிசி கொதி வந்ததும் பாத்திரத்தை மூடி, அப்படியே பெட்டிக்குள் இறக்கி, மூடியை அழுத்திவிட்டு வேலைக்குப் போய்விடலாம். சூடு வெளியே போகாது. வருவதற்குள் சோறு தானாக வெந்திருக்கும். கேஸ் மிச்சம். அதைவிட, ஆளில்லாத வீட்டில் தீ எரியாது, எதுவும் சீறாது, எதுவும் வெடிக்காது. பயந்தவர்களுக்கென்றே செய்த அடுப்பு.

முதல் நாள் சோறு சுவரொட்டி ஒட்டுகிற பதத்தில் வந்தது. “நல்லவேளை, ஒட்டறதுக்கு நோட்டீஸ் இல்லை,” என்றாள் அக்கா. அடுத்த வாரம் பருக்கை தனித்தனியாக நின்றது. பருப்பு குழைந்தது. உருளைக்கிழங்கு தோலை விரலாலேயே உரிக்க முடிந்தது. சந்தை கலைகிற நேரத்தில் போய், கூறு போட்டு விற்கும் காய்களை வாங்கிவரக் கற்றுக்கொண்டார். கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து மொத்தக் கடையில் மூட்டை எடுத்துப் பங்குபோட்டார். ஜன்னலோர டப்பாக்கள் போய், அறைக்குள் வெளிச்சம் வந்தது. சாயங்காலம் அவர் பெட்டியைத் திறக்கும்போது ஆவி எழுந்து முகத்தை மறைக்கும். அது விலகும்போது மட்டும், ஒரு நொடி, அந்த முகத்தில் பயம் இருக்காது.

ஐந்தாம் மாதப் பரிசோதனையில் நர்ஸ் அக்காவிடம், “பயறு வகையெல்லாம் நிறையச் சாப்பிடுங்க,” என்று சொல்லி அனுப்பினார். அத்தான் நேராக மொத்தக் கடைக்குப் போனார். அன்று மலிவாகக் கிடைத்தது ராஜ்மா. சிறுநீரக வடிவில், கருஞ்சிவப்பாக, கழுவி வைத்த கூழாங்கல்போல மினுங்கியது. ஒரு பை நிறைய வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதை அடுப்பில் ஏற்றினார். ஊறவைக்கவில்லை. பெட்டிக்குள் இத்தனை நேரம் இருக்கப்போகிறது, ஊறுவதும் வேகுவதும் அங்கேயே ஆகட்டும் என்பது அவர் யோசனை. கொதி வந்ததும் மூடினார், இறக்கினார், “ஆஃப்” என்றார். நான் மொட்டைமாடிக்குத் துணி துவைக்கப் போனேன். அக்கா மறுபடி தூங்கினாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். பயறு ஒவ்வொன்றும் முழுசாக, தோல் உடையாமல் இருந்தது. தக்காளியும் வெங்காயமும் வதக்கிச் சேர்த்திருந்தார்.

“லேசா நறுக்குன்னு இருக்கு,” என்றாள் அக்கா. “ஆனா நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் போடுங்க.”

அத்தான் கரண்டியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். பிறகு போட்டார். எனக்குப் பயறு அவ்வளவாக இறங்காது. சாற்றை மட்டும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

பாத்திரம் கழுவி முடித்த கொஞ்ச நேரத்தில் அக்கா குளியலறைக்குப் போனாள். வாந்தி. மசக்கைதான் என்று சொல்லிக்கொண்டே வந்து படுத்தாள். எழுந்து மறுபடி ஓடினாள். மூன்றாவது முறை அவளால் நடந்து வர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கையைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது. உதடு வெளுத்திருந்தது.

“வயிறு இறுக்குதுடா,” என்றாள் என்னிடம், அத்தானுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.

அவருக்குக் கேட்டுவிட்டது. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். எத்தனையோ சின்ன விஷயத்துக்கெல்லாம் வெளிறிய அந்த முகம் அன்று வெளிறவில்லை. ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து, கடைசியில் பயப்பட வேண்டியது வந்தபோது கையில் பயமே மிச்சமில்லாதவர்போல நின்றார்.

“என்ன போட்டேன்,” என்றார். “மச்சான், நான் என்ன போட்டேன்?”

நான் வண்டி பிடிக்கக் கீழே ஓடினேன். திரும்பி வந்தபோது அக்காவை ஒரு தோளில் தாங்கியிருந்தார். இன்னொரு கையில் மீதிப் பயறோடு பாத்திரம், துண்டில் சுற்றி. லிஃப்ட் விபத்து நடந்த இடத்தில் எது உடைந்ததோ அதை எறியக்கூடாது, கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது அவர்கள் பழக்கம்.

டாக்ஸி டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “அண்ணே, பாத்திரத்துல என்ன? சீட்டுல கொட்டிடப் போகுது.”

“தெரியலை,” என்றார் அத்தான். “கொட்டாது.”

வழியெல்லாம் அக்கா என் மடியில் தலைவைத்துக் கண்ணை மூடியிருந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குலுங்கும்போது இரண்டு கையாலும் வயிற்றை அடியிலிருந்து தாங்கிக்கொண்டாள். முதல் தடவையும் இப்படித்தான் ஒரு டாக்ஸியில் போனார்கள் என்று எனக்குத் தெரியும். அதை அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லாதது முன்சீட்டில் உட்கார்ந்து எங்களோடு வந்தது.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மாடியில். சக்கர நாற்காலியைத் தள்ளிய ஆள் லிஃப்டுக்குள் ஏற்றினார். கதவு மூடும்போது அடியில் எங்கோ உரசியது. மற்ற நாளாக இருந்தால் அத்தான் அந்த லிஃப்டில் ஏறியிருக்கமாட்டார், ஏறுகிறவர்களையும் இறக்கியிருப்பார். அன்று உள்ளே நுழைந்து, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. மாடியில் கதவு திறந்ததும் பாத்திரத்தை என் கையில் திணித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

“நீங்களும் சாப்பிட்டீங்களா?” என்றார் நர்ஸ்.

“சாப்பிட்டேன். அவளைப் பாருங்க முதல்ல.”

டியூட்டி டாக்டர் குள்ளமான பெண், கொண்டையில் ஒரு பேனாவைச் செருகியிருந்தார். அக்காவுக்கு டிரிப் போடச் சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். ஒரு பயறை எடுத்து விரலுக்கு நடுவே நசுக்கினார். நசுங்கியது, ஆனால் நடுவில் மாவாகாத ஒரு பகுதி வெள்ளையாகத் தெரிந்தது.

“எப்படி வேகவெச்சீங்க?”

அத்தான் ஒன்று விடாமல் சொன்னார். பெட்டி, நுரைப்பலகை, ரஜாய், கொதி வந்த நேரம், இறக்கிய நேரம். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சொல்வதுபோலக் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னார்.

“கொதி வந்ததும் எடுத்துட்டீங்க.”

“சூடு போகாது டாக்டர். மதியம்கூடக் கை வைக்க முடியலை.”

“சூடு இருந்தா மட்டும் போதாதுங்க. இந்தப் பயறுல ஒரு விஷம் இருக்கு. நல்லா ஊறவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில தளதளன்னு ரொம்ப நேரம் கொதிக்கவிடணும். அப்பதான் அது போகும். இப்படிக் கொதிக்காம சூட்டுலயே வெச்சா, பச்சையைவிட மோசமாக்கூட ஆகும். உங்க வீட்டுல குக்கர் இல்லையா?”

அத்தான் டாக்டரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“குக்கர்னா பயமா இருந்துச்சு,” என்றார்.

டாக்டர் பாத்திரத்தை மூடினார். நர்ஸ் சின்ன மைக்போல ஒரு கருவியைக் கொண்டுவந்தார். அக்காவின் வயிற்றில் ஏதோ களிம்பைத் தடவி, அதை வைத்து அழுத்தினார். ரேடியோ அலைவரிசை கிடைக்காத இரைச்சல். இடம் மாற்றினார். இரைச்சல். இன்னும் கீழே கொண்டுபோனார். டாக்டர் வந்து கருவியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அவர் புருவம் மாறுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. அறையில் துடிப்பது அது ஒன்றுதானோ என்று தோன்றியது.

பிறகு அது வந்தது. முதலில் எங்கோ தூரத்தில், அப்புறம் பக்கத்தில். குதிரை ஓடுவதுபோல.

அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் இன்னும் கலவரமாகியது.

“டாக்டர், ரொம்ப வேகமா ஓடுதே.”

“அது அப்படித்தாங்க ஓடும்.”

“இவ்வளவு வேகமா ஓடலாமா?”

“ஓடலாம்.”

“எப்பவுமா?”

“என்னங்க,” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே. “அதையும் நிறுத்தி சர்வீஸ் பண்ணிடாதீங்க.”

ஆனாலும் டாக்டர் சிரிக்கவில்லை. உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது, இறுக்கம் நிற்கிறதா என்று காலைவரை பார்க்க வேண்டும், இப்போதைக்கு எதுவும் சொல்லமுடியாது என்றார். அத்தானுக்கும் ஒரு டிரிப் போட்டார்கள். அவர் படுக்க மறுத்து, பாட்டில் தொங்கும் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அக்காவின் கட்டில் காலருகே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி எடுத்துவந்தேன். வீட்டில் பெட்டி திறந்தபடியே கிடந்தது. ரஜாய் ஆவி பட்டு இன்னும் ஈரமாக இருந்தது. அதைத் தொட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

காலையில் டாக்டர் கருவியை வைத்து மறுபடி கேட்டார். குதிரை அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இறுக்கம் நின்றிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார்.

“பசிக்குது,” என்றாள் அக்கா.

“கடையில வாங்கிட்டு வரேன்.” அத்தான் அதற்குள் எழுந்துவிட்டார். “இனிமே கடைதான். என் கையால உனக்கு ஒண்ணும் வேணாம்.”

“கை என்ன பண்ணுச்சு? பெட்டிதானே பண்ணுச்சு.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“இங்க பாருங்க. ஆஸ்பத்திரி பில்லையும் கட்டிட்டு, மூணு வேளை கடையிலயும் வாங்கி, அப்புறம் பிரசவத்துக்கு எங்க போறது? மரத்தடிக்கா? தையல்காரம்மா குக்கரைப் போயி வாங்கிட்டு வாங்க. நான் உட்கார்ந்து சொல்றேன், நீங்க ஆக்குங்க.”

“பயமா இருக்கும்மா.”

“இருக்கட்டும். அதோடயே ஆக்குங்க.”

குக்கர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தது. முதல் நாள் அத்தான் மூடியைப் பூட்டி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து கதவுக்குப் பின்னால் நின்றார். பக்கத்தில் என்னையும் இழுத்து நிறுத்திக்கொண்டார். உள்ளே சீறல் ஏறியது. குண்டு ஆடத் தொடங்கியது. முதல் விசில் வந்தபோது என் கையைப் பிடித்த பிடியில் ரத்தம் கட்டிவிட்டது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தையல்காரம்மா, “ஏம்பா, உள்ள என்ன புலியா வளர்க்கறீங்க?” என்றார். அக்கா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் அதைப் பார்த்து இன்னும் பயந்தார்.

மிச்சமிருந்த ராஜ்மாவை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை, விற்கவுமில்லை. பையோடு குப்பையில் போட்டார். காசைத் தூக்கிக் குப்பையில் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிரசவம் வரை வீட்டில்தான் சமைத்தார். சோற்றுக்கு மட்டும் பெட்டி. மற்றதெல்லாம் குக்கரில், கதவுக்குப் பின்னால் நின்றபடி. பெண் குழந்தை. எடை குறைவில்லை, அழுகைச் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்பணம் போக மீதியும் கட்டினோம்.

குழந்தை தவழத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் அத்தான் வேலைக்குப் போயிருந்தபோது, அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சமைக்கத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே, அத்தான் எதைச் செய்தாலும் அவள் வாயில் படுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் தான் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் தன்னையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் உட்காருவதற்கு முன்பே சாப்பிட்டிருக்கிறார். ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. அக்கா இன்னும் கொஞ்சம் போடச் சொன்னபோதுதான் அவருக்கு வயிறு புரட்டத் தொடங்கியதாம். அவளுக்குச் சாப்பாடு போடும்போது பயத்தில் தினமும் இப்படித்தானே புரட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு, போட்டாராம்.